ஒரு சோறு பதம் பார்த்தால் போதுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: "உயர்கல்விக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சிறந்த வழி ஒரு நாள் நுழைவுத் தேர்வே! பல ஆண்டுப் பள்ளி உழைப்பே!" இது 'பள்ளி உழைப்பே' அணியின் இரண்டாவது பேச்சு.)

அறிவிற் சிறந்த நடுவர் ஐயா அவர்களே! எங்களை மடக்குவதற்கென்றே கத்தை கத்தையாகக் காகிதம் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே! தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், "இந்த விளம்பரம் முடியட்டும், அப்புறம் மாவு அரைக்கலாம்" என்று காத்திருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாப் பேசிட்டுப் போனார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஏன்னா அவர் சொன்னது நம்ம வீட்டுச் சமையலறைப் பழமொழி. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானையையே கொட்டியா பார்க்கிறோம்? ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் தெரியாதா? அதுபோல மூணு மணி நேரத் தேர்வு வச்சா பையனோட பதம் தெரியாதா?" என்று கேட்டார்.

தம்பி, நியாயமான கேள்வி. ஆனா நான் உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாச் சமைச்சவ. (சிரிப்பு) அந்தப் பழமொழி எப்போ பலிக்கும் தெரியுமா? பானை ஒண்ணா இருக்கணும், அடுப்பு ஒண்ணா இருக்கணும். ஒரு பானை கேஸ் அடுப்பில் இருக்கு. இன்னொரு பானை ஈர விறகில், ஊதி ஊதிக் கண் எரிய எரிய வெந்துக்கிட்டிருக்கு. ரெண்டிலிருந்தும் ஒவ்வொரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்துட்டு, "இந்த அரிசி நல்ல அரிசி, அந்த அரிசி மட்ட அரிசி" என்று சொன்னால் அது பதம் பார்ப்பதா? அடுப்பைப் பார்க்காமல் அரிசியைக் குறை சொல்வதல்லவா அது? (கைதட்டல்)

நடுவர் ஐயா, இந்தத் தலைப்பில் நம்ம ஊர்க் கதையை எடுத்தால் அரங்கமே இரண்டாகப் பிரிந்துவிடும். வீட்டுக்கு வீடு ஒரு காயம் இருக்கிறது. அதனால் நான் ஒரு தூரத்து ஊருக்கு உங்களை அழைத்துப் போகப் போகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது கலிபோர்னியா மாநிலம். அங்கே அரசாங்கம் நடத்துகிற மிகப் பெரிய பல்கலைக்கழகம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டியாகோ என்று இளங்கலை மாணவர்களைச் சேர்க்கும் வளாகங்கள் மட்டுமே 9 இருக்கின்றன. முதலாண்டு மாணவனை எப்படிச் சேர்ப்பது என்பதில், 150 வருஷத்துக்கு மேலாக அந்தப் பல்கலைக்கழகம் செய்து பார்க்காத சோதனை இல்லை. தானே தேர்வு வைத்தது. பள்ளிக்கூடத்தை நம்பியது. விழுக்காடு போட்டுப் பார்த்தது. வெளித் தேர்வைக் கொண்டுவந்தது. கடைசியில் அதைத் தூக்கியும் போட்டது. நம் வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எனக்குச் சாதகமாக மட்டும் பேசுகிற சாட்சியும் இல்லை இது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கலிபோர்னியா 1850இல்தான் ஒரு மாநிலமாக ஆனது. தங்கம் கிடைக்கிறது என்று ஊர் ஊராக ஜனங்கள் ஓடி வந்து குடியேறிய பூமி. 1862இல் ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஆளுக்கு 30,000 ஏக்கர் என்று அந்த மாநிலத்துக்கு நிலம். அதை விற்றுக் கல்லூரி நடத்துங்கள். உழவும் இயந்திரத் தொழிலும் அங்கே பாடமாக இருக்கட்டும் என்பது சட்டம். அதுவரைக்கும் கல்லூரி என்றால் பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் பாதிரியாராகப் போகிற பிள்ளைக்கும்தான். குடியானவன் மகனுக்கும் கல்லூரி என்று அரசாங்கமே சொன்னது அப்போதுதான்.

அந்த வழியில் 1868இல் பிறந்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். 1869இல் கதவைத் திறந்தபோது மாணவர்கள் சுமார் 40 பேர். அடுத்த வருஷம் 1870இல் பெண்களுக்கும் சமமாக இடம் உண்டு என்று முடிவு செய்தார்கள். தாய்மார்கள் இதுக்கு ஒரு கைதட்டலாம். (கைதட்டல்)

சேர்க்கை எப்படி? ஆரம்பத்தில் எதிரணி ஆசைப்படுகிற மாதிரியேதான். பல்கலைக்கழகமே தேர்வு வைத்தது. பழைய கலைப் படிப்புக்குப் போகிறவனுக்கு லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும். நல்லது. ஆனால் அந்த மாநிலத்தில் அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க உயர்நிலைப் பள்ளி எத்தனை இருந்தது? விரல் விட்டு எண்ணிவிடலாம். தேர்வு வைக்கிறோம், எழுத வாருங்கள் என்றால் எங்கிருந்து வருவான்? வாசலைப் பெரிசாக் கட்டியாச்சு, வீதியே இல்லை! (சிரிப்பு)

அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான், ஐயா, என் பேச்சின் உயிர்.

1871இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு வழி காட்டியிருந்தது. அதைப் பின்பற்றி 1884இல் கலிபோர்னியா ஓர் ஏற்பாடு செய்தது. ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டால், பல்கலைக்கழகப் பேராசிரியர்களே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போவார்கள். வகுப்பில் உட்கார்ந்து பாடம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் அந்தப் பள்ளிக்கு ஓர் அங்கீகாரம். அப்புறம் அந்தப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளை நுழைவுத் தேர்வே எழுத வேண்டாம். "இவன் தேறுவான்" என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும், உள்ளே வரலாம்.

யோசிச்சுப் பாருங்க. பெர்க்லியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர் ரயில் ஏறி, குதிரை வண்டி பிடிச்சு, ஏதோ ஒரு பள்ளத்தாக்குச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறார். கடைசி பெஞ்சில் உட்கார்றார். யாருக்குப் பரீட்சை அது? பையனுக்கா? இல்லை! வாத்தியாருக்கு! பள்ளிக்கூடத்துக்கு! அந்தப் பள்ளியை நடத்துற ஊருக்கு! "உங்க பள்ளியில் அறிவியல் போதாது, ஆள் போடுங்க" என்று அவர் எழுதினால், அந்த ஊர் வெட்கப்பட்டுக்கொண்டு ஆள் போடும். அவர்கள் பருக்கையை நசுக்கவில்லை ஐயா, அடுப்பைப் போய்ப் பார்த்தார்கள்! (பலத்த கைதட்டல்)

சரி, எதிரணி கொண்டாடுகிற அந்தத் தேர்வின் கதைக்கு வருவோம். எஸ்.ஏ.டி. என்று பெயர். முதல் முதலாக 1926 ஜூன் மாதம் வைத்தார்கள். ஏறக்குறைய 8,000 பேர் எழுதினார்கள். கேள்விகள் 315. நேரம் 97 நிமிஷம். கணக்குப் போடுங்க. ஒரு கேள்விக்குப் பதினெட்டு, பத்தொன்பது நொடி. நம்ம வீட்டில் "மூக்குக்கண்ணாடி எங்கே வச்சே?" என்று கேட்டால் பதில் வர அதைவிட நேரமாகும். (சிரிப்பு)

அதை உருவாக்கியவர் கார்ல் பிரிகாம் என்ற உளவியல் பேராசிரியர். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுச் சோதனையிலிருந்து வளர்த்தெடுத்தது. அதே பிரிகாம் 1923இல் ஒரு புத்தகம் எழுதினார். எந்த இனத்துக்கு மூளை அதிகம், எந்த இனத்துக்குக் குறைவு என்று அந்தப் போர்க்காலச் சோதனையை வைத்தே வரிசைப்படுத்தினார். 1930இல் அவரே, "அந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையே இல்லை" என்று எழுதித் தன் முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தவறை ஒப்புக்கொண்ட மனுஷர், அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் அவர் கைவிட்ட நம்பிக்கையை உலகம் அவ்வளவு சீக்கிரம் கைவிடவில்லை. எஸ்.ஏ.டி. என்பதில் நடு எழுத்துக்கு முதலில் 'இயல்பான திறன்' என்று பொருள் சொன்னார்கள். அப்புறம் 'மதிப்பீடு' என்று மாற்றினார்கள். அப்புறம், "அந்த மூன்று எழுத்துக்கும் விரிவே கிடையாது, அது வெறும் பெயர்தான்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தேர்வு தான் எதை அளக்கிறது என்று தன் பெயரிலேயே மூன்று முறை தடுமாறியிருக்கிறது ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வை ஆதரித்த எல்லாரும் கெட்ட எண்ணக்காரர்கள் இல்லை. ஹார்வர்டின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1930களில், பணக்காரத் தனியார் பள்ளிப் பிள்ளைகளே நிரம்பி வழிகிறார்களே, எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிற கெட்டிக்காரப் பையனைக் கண்டுபிடித்து உதவித்தொகை கொடுக்க வேண்டுமே என்றுதான் இதைக் கையில் எடுத்தார். எண்ணம் நல்லது. தேர்வு ஒரு ஜன்னலாக வந்தது. நாளடைவில் அதுவே பூட்டாக மாறிப்போனது என்பதுதான் என் வழக்கு.

கலிபோர்னியாவுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தது. வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடியது. அந்தப் பிள்ளைகளெல்லாம் 1960களில் கல்லூரி வாசலில் வந்து நிற்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர். 1960இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். மாநிலத்தின் பள்ளி இறுதி மாணவர்களில் மேல் எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது 12.5 விழுக்காட்டுக்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இடம். மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகளில் இடம். மீதிப் பேருக்கு? "போப்பா, உனக்குக் கொடுத்துவைக்கலை" என்று சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இரண்டாண்டுக் கல்லூரிகள். படித்துப் பயன்பெறக்கூடிய யாரும் வரலாம். அங்கே இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்தால், மூன்றாம் ஆண்டில் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே மாறிப் போகலாம்.

இதில் ஒரு பெரிய மனசு இருக்கிறது, கவனிங்க. பதினேழு வயசில் ஒருத்தன் தூங்கிட்டான். குடும்பத்தில் ஒரு கஷ்டம், கவனம் போச்சு. அவனுக்கு ரெண்டாவது கதவு ஒண்ணு திறந்தே இருக்கு. ஒரு நாள் தேர்வு இதைச் செய்யுமா? அது கதவைச் சாத்தும்போது "டமார்" என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் திட்டத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் முளைத்தது. மேல் எட்டில் ஒரு பங்கு என்றால் அது யார்? எந்தத் தராசில் நிறுப்பது? 1968இல் எஸ்.ஏ.டி. தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். 1979இல் பள்ளிச் சராசரியையும் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து ஓர் ஏணிக்கணக்கு வந்தது. பள்ளிச் சராசரி கொஞ்சம் குறைந்தால் தேர்வில் ஏறி ஈடுகட்ட வேண்டும். இதற்குள் பள்ளிகள் பெருகிவிட்டன. பேராசிரியர் நேரில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரும் பழக்கம் நாளடைவில் நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஒரு பாடப் பட்டியல். இன்றைக்கும் அது உண்டு. ஆங்கிலம் 4 வருஷம், கணக்கு 3, வரலாறும் சமூகவியலும் 2, ஆய்வக அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1, ஆக 15 பாடங்கள். உள்ளூர் மாணவனுக்கு 4க்கு 3 சராசரி வேண்டும். பள்ளிக்கூடம் பாடத்திட்டத்தைக் காகிதத்தில் அனுப்பும். பல்கலைக்கழகம் காகிதத்தைப் பார்த்து ஒப்புதல் தரும். கவனிங்க, ஆள் போன இடத்துக்குக் காகிதம் போக ஆரம்பித்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்து 1990கள். 1995இல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும், 1996இல் பொது வாக்கெடுப்பில் மக்களும், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். 1998இல் அது முதலாண்டுச் சேர்க்கைக்கு நடைமுறைக்கு வந்தபோது, பெர்க்லியில் இடம் கிடைத்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே போனது. அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு பட்டிமன்றம். ஆனால் அதற்கு அப்புறம் அவர்கள் கண்டுபிடித்த வழி நம் பட்டிமன்றத்துக்கு உரியது.

1999இல் தீர்மானித்து 2001இல் நடைமுறைப்படுத்தினார்கள். மாநிலத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, அந்தப் பள்ளியின் முதல் 4 விழுக்காட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. 2012இல் அதை 9 விழுக்காடு ஆக்கினார்கள். அவன் யாரோடு போட்டி போடுகிறான்? நீச்சல் குளமும் நூலகமும் வைத்திருக்கிற பெரிய பள்ளிப் பையனோடு இல்லை. தன்னோடு அதே ஒழுகுகிற கூரைக்குக் கீழே, அதே வாத்தியாரிடம், அதே புத்தகத்தில் படித்த பிள்ளைகளோடு. அதே அடுப்பு, அதே பானை. தம்பி, இங்கேதான் உங்க பழமொழி பலிக்குது! ஒரே பானையில் எடுத்த சோறு இது! (பலத்த கைதட்டல்)

அதே 2001இல் பல்கலைக்கழகத்தின் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன் ஒரு கூட்டத்தில் பேசினார். அவரே ஓர் உளவியல் அறிஞர். வசதியான ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தாராம். அங்கே 12 வயசுப் பிள்ளைகள் உட்கார்ந்து, எஸ்.ஏ.டி.க்காகச் சொல்லுக்குச் சொல் ஒப்புமை காண்கிற பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு எழுத இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு! அந்தப் பிள்ளைகள் படிக்கலை ஐயா, தேர்வைப் படிக்கிறாங்க. "இந்தத் தேர்வை விடுவோம்" என்று அட்கின்சன் சொன்னதும் தேர்வு நடத்துகிறவர்கள் பதறிப்போனார்கள். 2005இல் அந்த ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரை எழுதுவதைச் சேர்த்தார்கள். 2007இல் அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 80,000 மாணவர்களை நான்கு வருஷம் தொடர்ந்து பார்த்து, பள்ளி மதிப்பெண்தான் கல்லூரி வெற்றியை நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்றார்கள். 2020 மே மாதம் ஆட்சிக்குழு ஒருமனதாக வாக்களித்துத் தேர்வைக் கைவிட முடிவு செய்தது. 2021இல் முற்றிலும் நின்றது. இன்று ஒரு மாணவன் பள்ளி மதிப்பெண்ணோடு, 8 கேள்வியில் 4 கேள்விக்குத் தன்னைப் பற்றி 350 சொல்லுக்கு மிகாமல் எழுதித் தருகிறான். லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு மட்டும் 2024இல் 1,40,000க்கு மேல் விண்ணப்பங்கள். இடம் கிடைத்தது 100க்கு சுமார் 9 பேருக்கு.

இந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நல்ல கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற அம்மா கையில் ஒரு காகிதம் வைத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். (சிரிப்பு)

2020இல் ஆட்சிக்குழு வாக்களிப்பதற்குச் சில மாதம் முன்பு, அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. "இப்போதைய மாணவர்களைப் பார்த்தால், பள்ளி மதிப்பெண்ணைவிடத் தேர்வு மதிப்பெண் முதலாண்டுப் படிப்பைக் கொஞ்சம் நன்றாகவே முன்கூட்டிச் சொல்கிறது. அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள்" என்றது. 2007இல் வந்த முடிவுக்கு நேர் எதிர். ஏன்? பள்ளிகளில் மதிப்பெண் வீங்கிக்கொண்டே போனது. எல்லாருக்கும் முதல் தரம் கொடுத்தால் முதல் தரத்துக்கு என்ன மதிப்பு?

அப்புறம் 2025 நவம்பரில் சான்டியாகோ வளாகத்து ஆசிரியர் குழு இன்னோர் அறிக்கை வெளியிட்டது. அங்கே சேருகிற முதலாண்டு மாணவரில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு உயர்நிலைப் பள்ளிக் கணக்கே சரியாக வரவில்லை. 2020இல் இருந்ததைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. அவர்களில் பலர் பள்ளியில் கணக்கில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள்! கொரோனாவில் பள்ளி மூடியது ஒரு காரணம், வீங்கிய மதிப்பெண் ஒரு காரணம், தேர்வைக் கைவிட்டது ஒரு காரணம் என்று அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. 1960இல் எந்த எட்டில் ஒரு பங்கை மாநிலத்தின் சிகரம் என்று சொன்னார்களோ, அதே எட்டில் ஒரு பங்கு, இன்று அந்த வளாகத்தில், அடிப்படைக் கணக்கு தெரியாமல் நிற்கிறது.

நடுவர் ஐயா என்னைப் பார்க்கிறார், "அம்மா, நீங்க எந்த அணி?" என்று. (பலத்த சிரிப்பு) சொல்றேன் ஐயா. அதற்கு முன்னால் என்னைப் பற்றியே ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இயற்பியல் ஆசிரியை. 31 வருஷம் வேலை பார்த்தேன். செய்முறைத் தேர்வுக்கு 50 மதிப்பெண். எங்கள் ஆய்வகத்தில் நிறுத்துக் கடிகாரம் ஓடாது. வெர்னியர் அளவி இரண்டே இரண்டு, அதில் ஒன்று துருப்பிடித்தது. பெண்கள் நோட்டில் அழகாகப் படம் வரைவார்கள். கருவியைத் தொட்டதில்லை. வருஷக் கடைசியில் நான் என்ன செய்வேன்? பாவம், பிள்ளை எதிர்காலம் என்று 50க்கு 50 போட்டுவிடுவேன். புண்ணியம் செய்ததாகத்தான் நினைத்தேன். அப்படி 50 வாங்கிய ஒரு பெண் நல்ல கல்லூரிக்குப் போனாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தாள். "டீச்சர், அங்கே லேப்ல வெர்னியரைக் கையில் கொடுத்தாங்க. எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியலை. பக்கத்துப் பொண்ணு திருப்பிக் கொடுத்துச்சு" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரலை. (அமைதி)

எதிரணி சொல்லும்: "பார்த்தீர்களா, நீங்க போட்ட மார்க் பொய். நுழைவுத் தேர்வு வைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்." தெரிந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, அந்த உண்மை யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்தப் பெண்ணுக்கு! எப்போது? எல்லாம் முடிந்த பிறகு! "உனக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டுக்குப் போ" என்று அவளிடம் சொல்லியிருக்கும். அது சொல்லப்பட வேண்டியது அவளிடமா? என்னிடமல்லவா! "அம்மா, உன் ஆய்வகத்தில் கடிகாரம் ஓடலை, இந்தப் பிள்ளைக்கு நீ கற்றுக்கொடுக்கலை" என்று என்னிடம் யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டாமா? தேர்வு வைத்திருந்தால் அவள் வெளியே நின்றிருப்பாள். என் கடிகாரம் அப்போதும் ஓடியிருக்காது. அடுத்த வருஷம் அடுத்த பெண் அதே இடத்தில் நின்றிருப்பாள். (பலத்த கைதட்டல்)

இப்போது 1884ஐ நினைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு பாதி இருந்தது. ஒரு பாதி, பள்ளியை நம்புவது. இன்னொரு பாதி, நேரில் போய்ப் பார்ப்பது. கலிபோர்னியா நாளடைவில் போய்ப் பார்ப்பதை விட்டது. 2020இல் தேர்வையும் விட்டது. நம்பிக்கை மட்டும் தனியாக நின்றது. கண்காணிக்காத நம்பிக்கையில் மதிப்பெண் வீங்காமல் என்ன செய்யும்? அந்த எட்டில் ஒருவர், பள்ளி உழைப்பை நம்பியதால் வந்த தோல்வி அல்ல ஐயா. பள்ளியில் உழைப்பு நடக்கிறதா என்று பார்க்காமலே நம்பியதால் வந்த தோல்வி. அந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசலில் தோற்கவில்லை. ஏழாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வகுப்பறையில் அவர்களைத் தோற்கடித்துவிட்டோம்.

வாசலில் ஒரு சல்லடையை வைப்பது சுலபம். ஒரு நாள் வேலை. சல்லடையில் விழாத அரிசியைத் தூக்கி எறிந்துவிட்டு, "தரம் காத்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். அடுப்படிக்குப் போய்ப் புகையில் உட்கார்ந்து, ஈர விறகை எடுத்துவிட்டுக் காய்ந்த விறகு வைப்பது கஷ்டம். அது பன்னிரண்டு வருஷ வேலை. கஷ்டம் என்பதற்காகச் சல்லடையையே நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆகவே நடுவர் ஐயா, ஒரு பிள்ளையைத் தீர்மானிக்க வேண்டியது அவன் பல வருஷம் உழைத்த பள்ளி உழைப்பே. அந்த உழைப்புக்கு நாங்கள் போடுகிற மதிப்பெண் உண்மையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் அணிக்கு நாங்களே போட்டுக்கொள்கிற நிபந்தனை. அதை உண்மையாக்குகிற பொறுப்பு பதினேழு வயசுப் பிள்ளையின் தலையில் இல்லை. என்னைப் போன்ற ஆசிரியர் தலையில், பள்ளியை நடத்துகிறவர் தலையில், "என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டுவிட்டு "என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காமல் போகிற நம் எல்லார் தலையிலும் இருக்கிறது.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆய்வகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். திறக்கச் சொல்லுங்கள். கடிகாரம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நல்ல தீர்ப்பை, பள்ளி உழைப்பின் பக்கம், வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)